டன் லீரி: ஒன்பது எழுத்து, நாலே ஒலி

#1
அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்குத் தென்கிழக்கே கடலோரமாக இருக்கும் துறைமுக ஊர் இது. பெயரின் முதல் பாதி டி, யூ, என். இரண்டாம் பாதியில் மட்டும் எல், ஏ, ஓ, ஜி, எச், ஏ, ஐ, ஆர், இ என்று ஒன்பது எழுத்துகள் இருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் "டன் லாவோகேர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே டிக்கெட் கேட்கும்போதும், வரைபடத்தில் தேடும்போதும், தமிழில் எழுதும்போதும் இந்தப் பெயர் எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2
ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது சொல்வது "டன் லீரி". அழுத்தம் "லீ"யில் விழும். "டன்" லேசாகக் கடந்து போகும். அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில் பேசினால் முதல் பகுதி "தூன்" என்று நீளும், நாக்கு பல்லைத் தொடும். இரண்டாம் பகுதி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். தெற்கே மன்ஸ்டர் பக்கம் "லேர", மேற்கே கானக்ட் பக்கம் "லீர". கடைசி அகரத்தை முழுதாகச் சொல்ல வேண்டாம், வாயை அரைகுறையாகத் திறந்தால் போதும்.

நடுவில் நிற்கும் ஜி, எச் என்ன ஆயிற்று? ஐரிஷில் இந்த எச் தனி ஒலி அல்ல, முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும் அடையாளம். பழைய கேலிக் அச்செழுத்தில் மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி போய் எச் வந்தது, சொல் நீண்டுவிட்டது. உயிர்களுக்கு நடுவே அந்த ஒலி நாளடைவில் கரைந்தும் போனது. நாம் "போகிறான்" என்று எழுதி "போறான்" என்று சொல்கிறோமே, அந்தக் ககரத்துக்கு நேர்ந்ததுதான் இந்த ஜிக்கும் நேர்ந்தது. ஐரிஷ் எழுத்துமுறை தாறுமாறானது என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். விதி தெரிந்தால் வாய்க்கு வந்துவிடும்.

1940களில் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் இப்படிப்பட்ட ஊமை எழுத்துகளை நீக்கியது. இதே பெயரிலிருந்து வந்த "ஓ லீரி" என்ற குடும்பப் பெயரை இன்று ஐரிஷில் ஜி, எச் இல்லாமல் எழுதுகிறார்கள். ஊர் மட்டும் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டது.

#3
பொருளையும் சேர்த்துவிடலாம். "தூன்" என்றால் கோட்டை, அரண். பின்னால் வருவது 5ஆம் நூற்றாண்டு அரசர் லோய்கரே மாக் நேய்லின் பெயர். அவர் கட்டிய கடற்கோட்டை என்பது மரபு. அந்த ஆள்பெயருக்கு வேர் "கன்று" என்ற சொல். கன்று மேய்ப்பவன் என்று பொருள் கொள்கிறார்கள். டன்டாக், டங்கார்வன், டன்ட்ரம் ஆகிய ஊர்ப் பெயர்களின் தலையிலும் இதே "தூன்"தான் இருக்கிறது. டோனிகாலும் அப்படியே: அந்நியர் கோட்டை. அரண் என்ற இந்தப் பெயர்ச்சொல்லிலிருந்தே "மூடு" என்ற வினையும் வந்தது. கடைக் கதவில் "தூன்தா" என்று தொங்கினால், திரும்பி வர வேண்டியதுதான்.

#4
ஐரிஷ் அறிவிப்புப் பலகைகளில் தேடுபவர்களுக்கு ஒன்று. இந்தப் பெயரின் முதலெழுத்து இடத்துக்கு ஏற்ப மாறும். "டன் லீரிக்கு" என்னும்போது டி அப்படியே இருக்கும். "டன் லீரியில்" என்றால் டிக்கு முன்னால் சின்ன என் ஒன்று ஒட்டிக்கொள்ளும், டி ஊமையாகி "நூன்" என்று கேட்கும். "டன் லீரியிலிருந்து", "டன் லீரியின் துறைமுகம்" என்றால் டிக்குப் பின்னால் எச் வரும். தொண்டையில் உரசும் ககரம்போல ஒலிக்கும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் கடைசியில் ஒட்டும். அங்கே மாற்றம் தலையில் நடக்கிறது. மூன்று வடிவமும் ஒரே ஊர்தான்.

#5
குடும்ப வரலாறு தேடுபவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் வேறு. 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனார். அதையொட்டி ஊருக்குக் "கிங்ஸ்டவுன்" என்று பெயர் வைத்தார்கள். 1920இல்தான் பழைய பெயர் ஐரிஷ் எழுத்தோடு திரும்பியது. ஆகவே அந்த நூறு ஆண்டு ஆவணங்களில் இன்றைய பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1834இல் திறந்த அயர்லாந்தின் முதல் ரயில் பாதையின் பெயரும் "டப்ளின் அண்ட் கிங்ஸ்டவுன்"தான். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கிங்ஸ்டவுன் என்றே தேடுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவானால் மாவட்டத்தை "ராத்டவுன்" என்று போடுங்கள்.

1821க்கு முந்தைய தாள்களில் "டன்லீரி" என்று ஆங்கில ஒலிப்படி ஒரே சொல்லாக இருக்கும். ஓல்டு டன்லீரி ரோடு இன்றும் அந்த எழுத்தோடுதான் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: செயின்ட் வின்சென்ட் தீவின் தலைநகரமும் கிங்ஸ்டவுன். தேடும்போது "டப்ளின் கவுன்ட்டி" என்று சேர்க்காவிட்டால் கரீபியனுக்குப் போய்விடுவீர்கள்.

#6
கார்க் பக்கத்து "கோவ்" ஊரோடு இதைக் குழப்ப வேண்டாம். அது 1849இல் குயின்ஸ்டவுன் ஆகி, 1920இல் கோவ் ஆனது. ஆனால் அங்கே பழைய ஐரிஷ் பெயர் திரும்பவில்லை. வளைகுடா என்னும் ஆங்கிலச் சொல்லையே ஐரிஷ் எழுத்தில் எழுதினார்கள். பி, எச் சேர்ந்தால் வகரம். "கோப்" அல்ல.

#7
தட்டச்சுக்கு: யூவின் மேலே வரும் சாய்கோட்டின் பெயர் ஃபாடா, "நீண்ட" என்று பொருள், நம் நெடில்தான். கைபேசியில் யூவை அழுத்திப் பிடித்தால் வரும். சில படிவங்கள் அதை ஏற்காமல் குப்பை எழுத்தாக மாற்றிவிடும். அங்கே கோடில்லாமல் போடுங்கள். முகவரியில் ஏ96 என்று தொடங்கும் ஏழு எழுத்து ஏர்கோடு (அயர்லாந்தின் அஞ்சல் குறியீடு) சரியாக இருந்தால் பெயரின் எழுத்துப்பிழை பெரிய சேதம் செய்யாது. ரயில் நிலையம் பட்டியலில் "டன் லீரி மேலின்" என்றும் வரும். 1966இல், அயர்லாந்து விடுதலைக்கான ஈஸ்டர் எழுச்சியின் 50ஆம் ஆண்டில், அதன் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் மேலின் நினைவாகச் சேர்த்த பெயர். நிலையம் ஒன்றே.

#8
தமிழில் எழுதுவோருக்கு. "தன் லீரி" என்றால் "தன்னுடைய" என்று ஓடும். "டன்" என்றால் எடைக் கணக்கு ஞாபகம் வரும், வல்லொலியாகவும் படிப்பார்கள். இருந்தாலும் "டன் லீரி"யே நல்லது. "டப்ளினில் வரும் ட" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் சிக்கல் தீரும். "டன் லீரியில்", "டன் லீரிக்கு" என்று உருபும் இயல்பாக ஒட்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து "லாவோகேர்" என்று மட்டும் அச்சிடாதீர்கள். அதைப் படித்துவிட்டுப் போகிறவர், ரயிலில் "டன் லீரி" என்ற அறிவிப்பு காதில் விழுந்தும் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.