நீரை விரும்பும் சவ்வு இரத்தத்துக்கும் நல்லதா?

பொகவந்தலாவ டீச்சர்:
வணக்கம். அம்மாவை டயலிசிஸ் செய்யக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். முடிகிற நேரம் சேலைன் விட்டு இரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்புவார்கள். அப்போது இரத்தத்தை வடிகட்டும் டயலைசருக்குள் இருக்கும், சவ்வால் ஆன மெல்லிய குழாய் நார்கள் சில நாள் நன்றாக வெளுத்துவிடும், சில நாள் அங்கங்கே சிவப்புக் கோடுகள் நின்றுவிடும். உள்ளே இரத்தம் உறைந்துவிட்டது என்கிறார்கள். நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். நீர்நாட்டமுள்ள, அதாவது நீரை விரும்பும், மேற்பரப்பில் புரதம் அவ்வளவாக ஒட்டாது என்று வாசித்தேன். அப்படியென்றால் ஐதரொட்சில் (OH) கூட்டங்கள் நிறைந்த செல்லுலோசுதானே மிகச் சிறந்த சவ்வு? அதை ஏன் கைவிட்டார்கள்?

தலவாக்கலையான்:
டீச்சர், சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். பேராதனையில் படித்த காலத்தில் பொலிசல்போன் என்ற பல்பகுதியத்தில், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக்கில், சவ்வு வார்த்துப் பழகியவன் நான். கரைசலைக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாக இழுத்து, தட்டைத் தண்ணீரில் இறக்கினால் கண்முன்னே பால் வெள்ளையாக இறுகும். அந்தப் பல்பகுதியம் தனியாக இருந்தால் நீரை வெறுக்கும். அதனால்தான் பொலிவைனைல்பிரோலிடோன் என்ற நீர்நாட்டப் பொருளையும் கரைசலில் சேர்ப்போம். டயலைசர் நார்களிலும் பெரும்பாலும் இந்தச் சேர்க்கைதான். ஒரு நாரின் உள்விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். அப்படி ஆயிரக்கணக்கான நார்களுக்குள் அம்மாவின் இரத்தம் ஓடுகிறது.

இரத்தம் பட்ட சில வினாடிகளிலேயே சவ்வின் மேல் புரதப் படலம் ஒன்று படிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் குழியங்கள் பிளாஸ்டிக்கைக் காண்பதே இல்லை, அந்தப் படலத்தைத்தான் காண்கின்றன. இரத்தத்தில் நிறைய இருக்கும் அல்புமின் முதலில் வந்து ஒட்டும். இறுகப் பற்றக்கூடிய ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் பின்னால் வந்து அதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். நீர்வெறுப்பு மேற்பரப்பில் ஃபைப்ரினோஜன் உருக்குலைந்து விரியும்போது, குருதிச் சிறுதட்டுக்கள் பற்றிக்கொள்ளும் பகுதிகள் வெளியே தெரிய வரும். உறைவு அங்கிருந்து கிளம்பும். மேற்பரப்பில் நீர்ப்படலம் நன்றாக இருந்தால் புரதம் ஒட்டுவது குறையும். நீங்கள் வாசித்தது பிழையில்லை.

ஆனால் செல்லுலோசின் சிக்கல் வேறு வழியில் வந்தது. இரத்தத்தில் சி3 என்ற நிரப்புப் புரதம் இருக்கிறது, கிருமியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு அபாயச் சைகை கொடுக்கும் புரதம். அது ஐதரொட்சில் கூட்டத்தோடு நேரடியாகப் பிணைப்பு உண்டாக்கும். அதனால் பழைய செல்லுலோசுச் சவ்வில் இரத்தம் ஓடத் தொடங்கிய முதல் 15 நிமிடத்துக்குள் வெண்குழியங்கள் சடாரென்று குறைந்துவிடும். தூண்டப்பட்டு, நுரையீரலின் சிறு குழாய்களில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐதரொட்சிலை அசற்றேற்றால் மூடினாலே இந்தத் தொல்லை தணிகிறது. நீர்நாட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது எந்தக் கூட்டத்தால் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள் டீச்சர்.

பதுளை நேர்ஸ்:
தம்பி சொன்னது சரி. ஆனால் சிவப்புக் கோடுகளுக்கு எப்போதும் சவ்வைக் குற்றம் சொல்ல முடியாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து போதாமல் போனாலும், இரத்தம் மெதுவாக ஓடினாலும், நாருக்குள் காற்று நின்றாலும் உறையும். அதனால்தான் தொடங்கும் முன் டயலைசரைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுகிறோம்.

இன்னொரு விஷயம் டீச்சர். மேற்பரப்பின் மின்னேற்றமும் முக்கியம். ஏஎன்69 என்ற சவ்வில் மறையேற்றம் அதிகம். அது இரத்தத்தில், இரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளை உண்டாக்கும். அதை உடைக்கும் நொதியைத்தான் எனலாப்ரில், கப்டோப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் தொடங்கிய சில நிமிடத்திலேயே முகம் சிவந்து, மூச்சு முட்டி, பிரஷர் விழலாம். அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார்?

பொகவந்தலாவ டீச்சர்:
எனலாப்ரில்தான் அண்ணா. இதுவரை அப்படி ஒன்றும் வந்ததில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதுளை நேர்ஸ்:
நீங்களாக நிறுத்தவே வேண்டாம், பிரஷர் ஏறிவிடும். பிரச்சினை வராததால் அந்தச் சவ்வாக இருக்க வாய்ப்புக் குறைவு. டயலைசரின் லேபலில் சவ்வின் பெயர் அச்சடித்திருக்கும், அடுத்த முறை போனதும் வாசித்துப் பாருங்கள். மாத்திரையின் பெயரை அங்கே இருக்கும் டொக்டரிடமும் சொல்லி வையுங்கள். சவ்வு வகையை மாற்றினால் மறுபடியும் சொல்லுங்கள்.