நிக்சி, கெய்கர், மின்பொறி: மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பான மாற்று எது?

கேள்வி (நிக்சி ஆர்வலர்)

வணக்கம். எண்களை ஒளிரவைத்துக் காட்டும் நிக்சி குழாய்கள் ஆறு கொண்டு ஒரு கடிகாரமும், எஸ்.பி.எம்-20 கெய்கர் குழாய் கொண்டு ஒரு கதிரியக்க அளவியும் செய்துவருகிறேன். இவற்றுடன், எங்கள் ஊர்ப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் தெளிவாகக் காணும்படி ஒரு நீண்ட மின்பொறியைக் காட்டவும் எண்ணியுள்ளேன். பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தது. வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) பொருத்தியிருக்கிறேன், அது காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனாலும் அதை இயக்கிப் பார்க்க மனம் ஒப்பவில்லை. இம்மூன்றுக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய, பாதுகாப்பான மின்மூலம் ஏதேனும் உண்டா?

மறுமொழி (பழைய வால்வு)

உங்கள் தயக்கம் முற்றிலும் சரியானது. தயவுசெய்து அந்த டிரான்ஸ்ஃபார்மரை பிளக்கில் செருகவே வேண்டாம். அதன் செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) ஏறத்தாழ 2000 வோல்ட்டைத் தரும் என்பதைவிட, அந்த மின்னழுத்தத்திலேயே அரை ஆம்பியருக்கு மேல் தரவல்லது என்பதுதான் கவலைக்குரியது. இதயத்துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லியாம்பியர்களே போதும்.

ஆர்.சி.சி.பி. பற்றிச் சொன்னவர்கள் அது வேலைசெய்யும் விதத்தைக் கவனிக்கவில்லை. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே அது ஒப்பிடுகிறது. செகண்டரி கம்பியைத் தொட்டவரின் உடல் வழியே பாயும் மின்னோட்டம், அந்தச் செகண்டரியின் மறுமுனை இணைந்திருக்கும் இரும்பு உள்ளகத்துக்கே திரும்பிவிடுகிறது. வீட்டு மின்சாரம் நுழையும் பிரைமரி பக்கத்தில் அது ஒரு சாதாரண லோடாகவே தெரியும், இரு கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாகவே இருக்கும், ஆகவே ஆர்.சி.சி.பி. மின்சாரத்தைத் துண்டிக்காது.

இதே டிரான்ஸ்ஃபார்மரால் மரப்பலகையில் மின்னல் வடிவங்களை எரிப்பவர்கள் அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர் சங்கம் 2017-லேயே தன் நிகழ்ச்சிகளில் அம்முறையைத் தடைசெய்துவிட்டது. அதே அடுப்பின் மேக்னட்ரான் (நுண்ணலையை உண்டாக்கும் குழாய்) உங்களிடம் இருந்தால் அதையும் உடைக்காதீர்கள். சிலவற்றின் பீங்கான் பகுதியில் பெரிலியம் ஆக்சைடு இருக்கக்கூடும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

மறுமொழி (பட்டறை ஆசிரியர்)

மூன்றுக்கும் பொதுவான ஒரே மின்மூலத்தைத் தேடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மூன்றில் அதிகம் கேட்பதற்கு ஏற்றபடி அதை அமைத்தால், மற்ற இரண்டும் தேவையின்றி ஆபத்தானவையாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள்; அதற்கு மேல் தர இயலாத, மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சிறு கன்வெர்ட்டரை, வீட்டு மின்சாரத்தோடு தொடர்பே இல்லாத 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இயக்குங்கள்.

நிக்சி குழாய் ஒன்றுக்குச் சுமார் 2.5 மில்லியாம்பியர் என்று கொண்டால், ஆறு குழாய்களுக்கு 180 வோல்ட்டில் 15 மில்லியாம்பியர், அதாவது மூன்று வாட்டுக்கும் குறைவு. எம்.சி.34063 சிப் கொண்ட ஒரு சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டர் போதும். உள்ளே வருவது 12 வோல்ட்தானே என்று வெளியீட்டைத் தொட்டுவிடக் கூடாது, அது நன்றாகவே ஷாக் கொடுக்கும். ஆகவே முழுச் சர்க்யூட்டும் அக்ரிலிக் பெட்டிக்குள் இருக்கட்டும். வெளியீட்டில் 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் குறுக்கே 470 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து ஒரு பதினைந்து வினாடி பொறுத்தால் மின்னூட்டம் வடிந்துவிடும். ஆயினும் மீட்டரால் பார்த்த பிறகே கைவையுங்கள்.

கெய்கர் குழாய்க்கு 400 வோல்ட் வேண்டும், ஆனால் மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் அளவே. ஆனோடுக்கு (குழாயின் நேர்மின் முனைக்கு)த் தொடராக 4.7 மெகா-ஓம் ரெசிஸ்டர் வைப்பது வழக்கம். அதற்கு அப்பால் ஷார்ட்டே ஆனாலும் 85 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கே உரியவை என்பதால், ஒன்றுக்குப் பதிலாக இரண்டைத் தொடராகப் போடுவது நல்லது.

நிக்சி ஆர்வலர்

இருவருக்கும் நன்றி. டிரான்ஸ்ஃபார்மரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பழைய யு.பி.எஸ்.ஸில் இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று கைவசம் உள்ளது, அதைப் பயன்படுத்தலாமா? மின்பொறிக்குக் கொசு பேட்டின் சர்க்யூட்டை எடுக்கலாம் என்று ஒரு மாணவர் கூறினார், அது பாதுகாப்பானதா?

மறுமொழி (பொறியும் ஒளியும்)

பேட்டரியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஷார்ட் ஆனால் கம்பியையே உருக்கிவிடும் அளவுக்கு அது மின்னோட்டம் தரும். எனவே பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சார்ஜரைக் கழற்றிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள். மலிவான சார்ஜரின் உட்காப்பு பழுதானால், பேட்டரியைத் தேர்ந்தெடுத்த நோக்கமே வீணாகிவிடும்.

கொசு பேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள கெப்பாசிட்டர் சுவிட்சை விட்ட பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். சுவரில் நேரடியாகச் செருகும் மாடல்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே 230 வோல்ட் மின்சாரம் உள்ளே வருகிறது. உறையைத் திறந்த நிலையில் சார்ஜ் போட்டால், அந்தச் சர்க்யூட்டின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் மெயின்ஸைத் தொட்டதற்குச் சமம்.

மாணவர்கள் முன்னிலையில் காட்டுவதற்கு, சுழலும் பெல்ட்டால் உலோகக் கோளத்தில் நிலைமின்னூட்டத்தைச் சேர்க்கும் வான் டி கிராஃப் மின்னியற்றியே ஏற்றது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் மின்தேக்குதிறன் 11 பிக்கோஃபாரட்தான். ஆகவே அது இரண்டு லட்சம் வோல்ட்டுக்கு ஏறினாலும் அதில் சேரும் ஆற்றல் 0.22 ஜூல் மட்டுமே. அந்த அழுத்தத்தில் சில சென்டிமீட்டர் நீளப் பொறி எளிதாகத் தாவும். திடுக்கிட வைக்குமே தவிர, நலமாக உள்ளவருக்குக் கேடு செய்யாது. லைடன் ஜாடியையோ வேறு கெப்பாசிட்டரையோ அதனுடன் இணைத்தால் இக்கணக்கு அடியோடு மாறிவிடும் என்பதால், அதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகே வரக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலிலேயே வையுங்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் பொறி வராது. மழை நாளாக இருந்தால் ஹேர் டிரையரால் தாங்கு குழாயையும் பெல்ட்டையும் உலர்த்திக்கொள்ளலாம்.

மறுமொழி (பட்டறை ஆசிரியர்)

கெய்கர் சர்க்யூட்டை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா-ஓம். அதை 4.7 மெகா-ஓம் ரெசிஸ்டருக்கு அப்பால் வைத்தால், உண்மையில் 400 வோல்ட் இருக்கும்போது மீட்டர் 272 என்றே காட்டும். குறைவாக இருக்கிறதென்று எண்ணி அழுத்தத்தைக் கூட்டினால் குழாய் வீணாகிவிடும். 100 மெகா-ஓம் ரெசிஸ்டர்கள் பத்தைத் தொடராக இணைத்து, அதன் வழியாக அந்த 4.7 மெகா-ஓம் ரெசிஸ்டருக்கு முந்திய முனையில் அளந்தால், மீட்டர் காட்டுவதை 101-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், 3.96 என்று காட்டினால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருள்.