புதுப்பிப்பு: அல்கோன்குவின் கேனு (துடுப்புப் படகு) பயணம், போய்விட்டு வந்தோம்

கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் அல்கோன்குவின் பூங்காவில் மூன்று நாளில் எத்தனை ஏரி போகலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதியாகக் குறை என்று நீங்கள் சொன்னது சரிதான். கேனு ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குப் படகைத் தோளில் தூக்கிப்போகும் பாதை 300 மீட்டர் அளவுதான், ஆனால் மூட்டைகளுக்காக இன்னொரு நடை போனால் திரும்பி வருவதும் சேர்ந்து அதுவே மும்மடங்கு, அது என் கணக்கில் இல்லவே இல்லை. படகு கெவ்லர் என்ற லேசான, உறுதியான இழையால் செய்தது, சுமார் 20 கிலோ, பரவாயில்லை. முதுகை ஒடித்தது அரிசி, பருப்பு அடைத்த பீப்பாய்தான்! அப்புறம் டாம் தாம்சன் ஏரியிலேயே இரண்டு இரவும் தங்கிவிட்டோம், நடுநாள் முழுக்கச் சும்மா. பூங்காவின் உட்பகுதியில் டின், கண்ணாடி பாட்டிலுக்குத் தடை என்பதால் ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினேன், மூடி சரியில்லை, ஸ்லீப்பிங் பேக் இன்னும் மாவடு வாசனை அடிக்கிறது.