காலேஜுக்குப் போனபிறகு சாமி நம்பிக்கையும் போச்சு, அப்பா கட்சியும் பிடிக்கவில்லை: இது நிலைக்குமா?

கரிசல்காட்டுப் பையன்:

வயது 22. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம், கோவையில் இன்ஜினியரிங் முடித்து அங்கேயே வேலை பார்க்கிறேன். அப்பா பழைய தி.மு.க.காரர், கட்சிக் கரை வேட்டி இல்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்கும் போக மாட்டார். அதே மனிதர் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்து திருச்செந்தூர் போவார், சின்ன வயதில் நானும் கூடவே போவேன். விடுதியில் சீனியர் அண்ணன்கள் ஒரு வாசகர் வட்டம் நடத்தினார்கள், பெரியார், அம்பேத்கர் என்று அவர்கள் கொடுக்கக் கொடுக்கப் படித்தேன். மூன்றாம் வருஷத்துக்குள் திருநீறு பூசுவது நின்றுவிட்டது, அப்பா கட்சி மேல் இருந்த பிடிப்பும் போய்விட்டது, இப்போது கேட்டால் இடதுசாரி என்பேன்.

உறுத்துவது என்னவென்றால், என் அறைத் தோழன் அதே விடுதியில் அதே மெஸ் சாப்பாட்டைச் சாப்பிட்டு நேர் எதிராகப் போனான். பக்தியே இல்லாமல் வந்தவன் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தான், இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவற விடுவதில்லை. நான் யோசித்து மாறியதாக நினைக்கிறேன், அவனும் தன்னைப் பற்றி அதையேதான் சொல்கிறான். அப்படியென்றால் நாமாக மாறுகிறோமா, கூட இருப்பவர்கள் மாற்றிவிடுகிறார்களா? முப்பது வயதானால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அப்பா சிரிக்கிறார். பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

தம்பி, நான் சமூகவியல் வாத்தியார். உங்கள் கேள்வியை அப்படியே வைத்து அமெரிக்காவில் ஒரு பழைய ஆய்வு உண்டு. வெர்மான்ட் மாநிலத்தில் பெனிங்டன் என்று ஒரு பெண்கள் கல்லூரி, 1932ல் திறந்தது. வந்த பெண்கள் பெரும்பாலும் வசதியான, குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் குடும்பங்கள், பாடம் நடத்தியவர்களோ முக்கால்வாசி ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் பக்கம். அங்கே வேலை பார்த்த தியோடர் நியூகோம் வருஷா வருஷம் மாணவிகளிடம் கேட்டுக் குறித்து வைத்தார். 1936 அதிபர் தேர்தலின்போது முதலாண்டுப் பெண்களில் 62 சதவீதம் குடியரசுக் கட்சியின் லேண்டனுக்கு ஆதரவு, மூன்றாம், நான்காம் ஆண்டுப் பெண்களில் வெறும் 15 சதவீதம்.

பாடம் கேட்டு மாறினார்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் கேட்டார்கள். கல்லூரியில் யாருக்கு மதிப்பு இருந்ததோ அவர்கள் முற்போக்குப் பக்கம் இருந்தார்கள், அந்த மதிப்பு வேண்டும் என்று நினைத்தவர்கள் வேகமாக மாறினார்கள், வீட்டையே சுற்றி மனது கிடந்தவர்கள் அதிகம் மாறவில்லை. உங்கள் விடுதியிலும் அதுதான் நடந்திருக்கும். உங்களுக்கு அந்த அண்ணன்கள், உங்கள் நண்பனுக்கு ஜெபக் குழுவில் இருந்த யாரோ.

நிலைக்குமா என்பதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அதே பெண்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள், அப்புறம் 1980களில் பாட்டிகளான பிறகும் கேட்டார்கள். பெரும்பாலானோர் கல்லூரியில் எடுத்த பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் ஒன்று, தங்களைப் போலவே நினைக்கும் கணவரும் சிநேகிதிகளும் வாய்த்தவர்களிடம்தான் அது நன்றாக ஒட்டியிருந்தது. ஆக அப்பா சொல்வது பாதி சரி. வயது தானாக யாரையும் திருப்புவதில்லை, கூடப் போய்ச் சேருகிற ஆட்கள் திருப்பலாம்.

செந்தூரான்:

சாக்பீஸ் சார் சொல்வதைக் கேட்டால் மனிதனுக்கு மூளையே தேவையில்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறதே. பகத்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரிய சமாஜக் குடும்பம், லாகூரில் படித்தபோது மணிக்கணக்காகக் காயத்ரி மந்திரம் ஜபித்த பையன், அதைச் சிறையில் அவரே எழுதியிருக்கிறார். புரட்சி இயக்கத்துக்கு வந்தால் அங்கே மூத்த தலைவர் சச்சீந்திரநாத் சன்யால் தீவிர ஆத்திகர், கடவுளைப் போற்றி எழுதியவர். கூட இருக்கிறவர்கள்தான் மாற்றுவார்கள் என்றால் இவர் பக்தராகவே இருந்திருக்க வேண்டும்! பக்குனின், மார்க்ஸ், லெனின் என்று படித்து 1926 முடிவதற்குள் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தார், அப்போது வயது 19. தூக்குத் தண்டனை அறிவித்த 1930 அக்டோபரில்தான் 'நான் ஏன் நாத்திகன்' என்ற அந்தக் கட்டுரையை எழுதினார். பிரார்த்தனை செய்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தெரிந்தே மறுத்தார். அதைத் தமிழில் கொண்டுவந்ததற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஜெயிலுக்குப் போனார்.

மதிப்புக்காக மாறுபவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். அதற்காக எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கரிசல்காட்டுப் பையன்:

இரண்டு பேருக்கும் நன்றி. செந்தூரான் அண்ணே, பகத்சிங் அளவுக்கு நான் எங்கே! உண்மையைச் சொன்னால் அந்தச் சீனியர்கள் வேறு புத்தகங்களைக் கொடுத்திருந்தால் அவற்றையும் அதே ஆசையோடு படித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

சாக்பீஸ்:

செந்தூரான், பகத்சிங் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். அவர் வட்டத்திலும் கடவுளை மறுத்த தோழர்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

படிப்பும் சேர்க்கையும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு, அந்த வயதில் தலையில் வந்து விழுகிற நாட்டு நடப்பு. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைச் சீட்டுக் குலுக்கினார்கள். உங்கள் தேதி முன்னால் வந்தால் பட்டாளம், பின்னால் வந்தால் தப்பித்தீர்கள். முன்னால் வந்தவர்கள் போருக்கு எதிராகவும் ஜனநாயகக் கட்சிப் பக்கமும் அதிகம் சாய்ந்தார்கள், அந்தப் போர் தப்பு என்ற எண்ணத்தில் இருந்த வித்தியாசம் 1997ல் கேட்டபோதும் தெரிந்தது. இதில் யோசனை எங்கே, சேர்க்கை எங்கே? வெறும் சீட்டு. நம் ஊரிலும் 1965 இந்தி எதிர்ப்பில் தடியடியும் துப்பாக்கிச் சூடும் பார்த்த மாணவர் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். இரண்டே வருஷத்தில் விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார்.

அப்பாவிடம் சிரிக்காமல் பதில் சொல்லச் சொல்லி ஒன்று கேளுங்கள் தம்பி, இருபது வயதில் அவர் என்ன பார்த்தார்? ஈழமா, மண்டல் கமிஷனா?

மேலவீதி அக்கா:

ஆண்கள் பேசும் இடத்தில் ஏன் கல்யாணம் வரவே மாட்டேன் என்கிறது?

நானும் இந்த மாதிரி வட்டத்தில் இருந்தவள்தான். கடவுள் இல்லை என்று விடிய விடியப் பேசிய தோழர்கள் பலர், பெண் பார்க்கும் நேரம் வந்ததும் "அம்மா மனசு கஷ்டப்படும்" என்று ஜாதகத்தை நீட்டினார்கள், பெண்ணும் தவறாமல் சொந்த சாதியில்தான். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சாமி கும்பிடாமல் இருப்பதற்கு விடுதியில் எந்தச் செலவும் இல்லை, யாரும் சொத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளப் போவதில்லை. சாதிக்கு வெளியே போனால்தான் வீடு, நிலம், பேச்சுவார்த்தை எல்லாம் போகும். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா ஆட்சி 1967லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது, புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே போதும். ஆனாலும் 2011-12ல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் நாடு முழுக்கச் சாதி மாறி மணந்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான்.

எங்கள் வட்டத்தில் கடைசிவரை நகராமல் நின்றவர்கள் அதிகம் படித்தவர்கள் இல்லை, சாதி மறுத்துக் கட்டியவர்கள். அவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பிள்ளை பிறந்தபிறகு சிலர் வீட்டோடு ராசியாகி, குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காது குத்தும் வைத்தார்கள், நானும் போய் விருந்து சாப்பிட்டேன். ஆனால் தேர்தல் வந்தால் அவர்கள் ஓட்டு இன்னும் அதே சின்னத்துக்குத்தான்.