செம்புத் தகட்டைப் பொன்னிறமாக்கும் சோதனை பத்தாம் வகுப்புக்கு வேண்டுமா?

காட்பாடி வாத்தியார்:
இரும்பு ஆணியை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டுக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். செம்பு படியும், நீலம் வெளுக்கும், பிள்ளைகள் சமன்பாட்டை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். செம்புத் தகட்டைத் துத்தநாகத்தூளோடு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் வெள்ளி மாதிரி ஆகும், கழுவித் துடைத்துத் தீயில் சில நொடி காட்டினால் பொன்னிறம். துத்தநாகம் செம்புக்குள் ஊடுருவி மேற்பரப்பு பித்தளை ஆகிவிடுகிறது. உலோகக்கலவையை இதைவிட நன்றாக எப்படி நடத்துவது? (தகட்டுக்குப் பதில் காசு வேண்டாம், இப்போதைய ஒரு ரூபாய் செம்பு இல்லை, துருப்பிடிக்காத எஃகு.)

ஆற்காடு டீச்சர்:
சார், சூடான காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். அறுபது பிள்ளைகள் முண்டியடிக்கும்போது பீக்கரைப் பார்ப்பீர்களா, அவர்களைத் தள்ளி நிறுத்துவீர்களா? மிச்சத் தூளை ஈரத்தோடு காகிதத்தில் வழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டால், காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். ஆணியே போதும்.

காட்பாடி வாத்தியார்:
காஸ்டிக் சோடா இல்லாமல் துத்தநாக சல்பேட்டிலும் வருகிறது டீச்சர், நெல் வயலுக்குப் போடுகிறோமே அதே உப்பு. தகடு தூளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடியாத்தம் மாணவன்:
சார், ஒரு சந்தேகம். வினைதிறன் வரிசையில் (மேலே உள்ள உலோகம் கீழே உள்ளதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும் என்று காட்டும் பட்டியல்) துத்தநாகம் மேலே, செம்பு கீழே. அப்படியென்றால் செம்பின் மேல் துத்தநாகம் படியவே கூடாதே?

ஆற்காடு டீச்சர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காலையில் ஆணியை வைத்து இடப்பெயர்ச்சி (ஓர் உலோகம் இன்னொன்றை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பது) நடத்திவிட்டு மத்தியானம் இதைக் காட்டினால் பிள்ளை குழம்பாதா?

காட்பாடி வாத்தியார்:
இந்தக் கேள்வி வருவதற்காகவே காட்ட வேண்டும் என்கிறேன் தம்பி. இது இடப்பெயர்ச்சியே இல்லை. தூளில் உள்ள துத்தநாகம் கரைகிறது, அது விடும் எலக்ட்ரான் தொட்டுக்கொண்டிருக்கும் செம்புக்குப் போகிறது, அங்கே படிகிற துத்தநாகம் செம்போடு கலக்கிறது. அந்தக் கலப்புதான் வினையை இழுத்துக்கொண்டு போகிறது. தொடாமல் தொங்கவிட்ட தகடு செம்பாகவே இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:
கரைசலை எங்கே ஊற்றுவீர்கள்? பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது, எங்கள் ஊர் குரோமியக் கழிவு தனிக் கதை. மயில்துத்தமும் மீனுக்கு விஷம்தான் டீச்சர், சாக்கடையில் கொட்டாதீர்கள். நீலம் முழுக்கப் போகும்வரை இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு வைத்தால் செம்பு அடியில் தங்கிவிடும்.

ஆற்காடு டீச்சர்:
சரி, பஞ்சு விஷயம் நாளைக்கே செய்கிறேன். பொன்னிறச் சோதனை சல்பேட்டில் என்றால் யோசிக்கலாம், ஆனால் இடுக்கியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் சார், தீயில் நீங்களே காட்டுங்கள்.