ஸ்டவாங்கர் - அபெர்டீன் விமானத்தில் எவ்வளவு நேரம்? அவசரம்

புதுவரவு:
வணக்கம். நார்வே ஸ்டவாங்கருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஸ்காட்லாந்து அபெர்டீனில் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மாமா இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? 10.00க்குக் கிளம்பி 10.05க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் காட்டுகிறது, தப்பா? வெள்ளிக்கிழமை போயே ஆக வேண்டும்.

வடகடல்காரன்:
தப்பில்லை. நேர்கோட்டில் சுமார் 500 கிமீ, வடகடலைத் தாண்ட ஒரு மணி நேரம், கூடக் கொஞ்சம். பிரிட்டன் கடிகாரம் நார்வேயைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டும், பயந்துவிடாதே.

சிக்கனம்:
நேரடி விமானத்துக்கு ஏன் கொட்டிக்கொடுக்க வேண்டும்? கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகளின் காசில் பறப்பவர்களுக்கான விலை அது. ஆம்ஸ்டர்டாமில் மாறிப் போங்கள்.

வடகடல்காரன்:
மேற்கே இருக்கிற ஊருக்குத் தெற்கே போய் மறுபடி வடக்கே ஏறச் சொல்கிறீர்கள். அரை நாள் போய்விடும்.

கப்பல்பிரியன்:
இங்கிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்குக் கப்பல் இருக்கிறதே, ராத்திரி ஏறினால் மறுநாள் இறங்கலாம்.

வடகடல்காரன்:
அது 2008இலேயே நின்றுவிட்டது ஐயா.

பழைய அகதி:
தம்பி, ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு பதற்றமா? நாங்கள் 80களில் வந்தபோது நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் நின்றோம், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது, கையெல்லாம் விறைத்துப்போகும், ஊருக்கு ஒரு கடிதம் போட்டால் பதில் வருமோ வராதோ தெரியாது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் கையில் இருக்கிறது.

சிக்கனம்:
கையில் இருப்பது வாடகை ரசீதுதான் அண்ணா. கறிவேப்பிலை விலையைப் பாருங்கள். இந்த மழையில் குடைகூட நிற்பதில்லை.

பழைய அகதி:
குடையை விடு, மழைச் சட்டை வாங்கு.

ஆவணம் முக்கியம்:
எல்லாரும் நிறுத்துங்கள். புதுவரவு, உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? நார்வே வதிவிட அட்டை கையில் வந்துவிட்டதா?

புதுவரவு:
இந்திய பாஸ்போர்ட். போலீஸில் கைரேகை கொடுத்தாயிற்று, அட்டை இன்னும் தபாலில் வரவில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும்தானே?

ஆவணம் முக்கியம்:
போதாது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அட்டை வந்தாலும் அதை வைத்து உள்ளே போக முடியாது. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனாலும் இதே கதைதான். இந்தியர்களுக்குத் தனியாக பிரிட்டன் விசிட்டர் விசா வேண்டும், சாதாரணமாக மூன்று வாரம். கூடுதல் காசு கட்டினால் சீக்கிரம் கிடைக்கிற வழி உங்களுக்கு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே பாருங்கள். ஆஸ்பத்திரிக் கடிதம், அக்காவின் விசா நகல், வேலை ஒப்பந்தம் எல்லாம் சேருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் சொல்லவில்லை. நீங்கள் வந்த விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால், அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி வருவது சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை ஒன்றா, பலவா என்று பாருங்கள். அட்டை எப்போது வரும் என்று போலீஸில் கேளுங்கள், வந்தபிறகு டிக்கெட் போடலாம்.

புதுவரவு:
ஒன்று என்றுதான் இருக்கிறது. அப்போ வெள்ளிக்கிழமை நடக்காது. குழந்தைகளை யார் பார்ப்பது?

வடகடல்காரன்:
எங்கள் அலுவலகத்தின் அபெர்டீன் கிளையில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கிறேன். எந்தப் பகுதி, குழந்தைகளுக்கு என்ன வயது என்று தனிச்செய்தியில் அனுப்பு. விசா வேலையை இன்றே ஆரம்பித்துவிடு.