காரில் உலகப் பயணம்: பனாமாவிலிருந்து கொலம்பியாவுக்கு வண்டி எப்படிப் போகும்?

கேள்வி (நெடுவழி):
அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா வரை காரில் போகத் திட்டம். பனாமாவோடு சாலை நின்றுவிடுகிறதாமே? கூரைக் கூடாரத்தோடு வண்டி உயரம் 2.35 மீட்டர். கன்டெய்னரா, வண்டியை நேரே ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பலா?

கலங்கரை:
பனாமாவின் யாவிசா என்ற ஊரோடு சாலை முடிந்தது. அப்பால் சுமார் 100 கிலோமீட்டர் காடும் சதுப்பும், அதுதான் டேரியன். பனாமாவின் கோலோன் துறைமுகத்திலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். 20 அடி கன்டெய்னரின் உள்ளுயரம் 2.39 மீட்டர் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கதவு 2.28 மீட்டர்தான். டயர் காற்றை இறக்கினாலும் சில சென்டிமீட்டர்தான் குறையும். கூடாரத்தைக் கழற்றுங்கள். இல்லையென்றால் இன்னொரு வண்டிக்காரரோடு சேர்ந்து 40 அடி ஹை-கியூப் (உயரம் கூடிய கன்டெய்னர்) எடுங்கள், அதன் கதவு 2.58 மீட்டர்.

மணல்மேடு:
ரோ-ரோவில் உயரம் பிரச்சினையில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தாக வேண்டும், உள்ளே இருப்பது களவு போகும். முன்சீட்டுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு அடித்துப் பூட்டலாம். ஒரு கேமராகூட உள்ளே வைக்காதீர்கள்.

கலங்கரை:
இன்னொன்று, பலர் மாட்டுவது இதில்தான். பனாமா எல்லையில் தரும் தற்காலிக இறக்குமதித் தாளில் சேஸிஸ் எண்ணை அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். 0 இருக்க வேண்டிய இடத்தில் O இருந்தாலும் கப்பலேற்றும் முன் நடக்கும் போலீஸ் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். ஏற்றும்போது டேங்க்கில் கால்பங்குக்குக் கீழே பெட்ரோல், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியபடி.

நெடுவழி:
கார்னே (வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம்) வேண்டுமா?

மணல்மேடு:
கொலம்பியாவுக்கு வேண்டாம். சுங்கத்தில் தற்காலிக அனுமதியும் 'சோவாட்' காப்பீடும் போதும்.